வெள்ளிக்கிழமை திருப்பாமல் விட்ட பணம்

நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அலுவலகத்தில் ரசீது வேலை பார்க்கிறேன். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். சிறு வியாபாரிகளுக்கு இணையப் பக்கம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். சரக்கு எங்களுடையது இல்லை. ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி, எங்கள் பெயரில் சில்லறையாக விற்கிறோம். கம்பெனிக்கு அமெரிக்க டாலரில் கட்ட வேண்டும். மஸ்ஜித் இந்தியா புடவைக் கடைக்காரர் ரிங்கிட்டில் தருவார், மதுரை டிராவல்ஸ்காரர் ரூபாயில் தருவார், சிங்கப்பூர்க்காரர்கள் அவர்கள் டாலரில் தருவார்கள். வாங்கும்போது கம்பெனியின் சிஸ்டம் ஒரு கேள்வி கேட்காது. திருப்பிக் கொடு என்றால்தான் அதற்குச் சட்டமெல்லாம் ஞாபகம் வரும்.

சட்டம் இதுதான். பணம் கட்டி பதினான்கு நாளுக்குள் திருப்பினால் கட்டிய அதே தொகை போகும். ஒரு நாள் தாண்டினாலும், அமெரிக்க டாலரில் கிடப்பதை அன்றைய விலைக்கு மாற்றி, வங்கிக் கட்டணத்தையும் பிடித்துக்கொண்டு அனுப்பும். ஒரு ரசீதுக்கு ஒரே ஒரு முறைதான் திருப்பலாம்.

சிங்கப்பூரில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஒரு பெண் எங்களிடம் முந்நூறு சிங்கப்பூர் டாலர் கட்டியிருந்தாள். அப்புறம் கணவருக்கு முதுகு அடிபட்டு, இவள் வேலைக்குப் போகவேண்டி வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு அந்த வெப்சைட் வேணாம். பணம் முழுசா வந்துடும்ல? கார்டு எங்க நாத்தனாரோடது. ஒரு காசு குறைஞ்சாலும் நான் தின்னுட்டேன்னு சொல்லுவாங்க. அதுவும் சொந்தக்காரங்க எல்லாம் கூடுற எடமா பார்த்துச் சொல்லுவாங்க."

"முழுசா வரும்மா. நான் இருக்கேன்ல, கவலப்படாத."

தேதியைப் பார்த்தேன். அன்றுதான் பதினான்காவது நாள். பணத்தைத் திருப்பும் பொத்தான் வரைக்கும் கை போனது. ஆனால் வெள்ளிக்கிழமை. எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. தண்ணீர் போத்தல் போடுகிறவரும் லோரிக்காரரும் காசு வாங்கச் சனிக்கிழமைதான் வருவார்கள், ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். மகாலட்சுமி தங்கும் நாளில் வாசல் வழியாகக் காசு வெளியே போகக் கூடாது என்று நம்புகிறவள் நான். அதனால் ஒரு கணக்குப் போட்டேன். கம்பெனி இருப்பது அமெரிக்காவில். இங்கே சனி விடிந்தாலும் அங்கே இன்னும் வெள்ளிதானே? சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போட்டால் மகாலட்சுமிக்கும் குறையில்லை, அந்தப் பெண்ணுக்கும் குறையில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போய் விளக்கேற்றினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பொத்தானை அமுக்கினேன். திரையில் இருநூற்று எண்பத்தெட்டு டாலர் நாற்பது காசு என்று வந்தது. சிஸ்டம் எங்கள் கணக்கை மலேசிய நேரத்தில்தான் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே பச்சை நிறத்தில், வெற்றிகரமாகத் திருப்பப்பட்டது என்று ஒரு வரி.

கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான்கு முறை. பதில் சொன்னது ஆளா மெஷினா தெரியவில்லை. நாணய மதிப்பு ஏறி இறங்குவதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம். முடித்துவிட்டு, வார இறுதி இனிதாக அமையட்டும் என்று வாழ்த்து வேறு.

முதலாளி வந்ததும் சொன்னேன். "பதினோரு டாலர்தானே அக்கா? நான் தரேன், அனுப்பிடுங்க லா."

"சிஸ்டம் விடமாட்டேங்குது முதலாளி. ஒரு தடவ முடிஞ்சா முடிஞ்சதுதான்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கே நேரா போடுங்க."

"கார்டு அவ நாத்தனாரோடது. அங்க குறைச்சலாத்தானே காட்டும்?"

"நேத்தே அமுக்கியிருக்கலாமே?"

"நேத்து வெள்ளிக்கிழமை."

அவர் சாமி படத்தைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கூப்பிட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் இருக்கேன்னு சொன்னீங்களே அக்கா. மிச்சத்துக்கு என்னா வாங்கித் தின்னேன்னு கேக்குறாங்க" என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

நாத்தனாரின் நம்பரைக் கேட்டு வாங்கி, நானே போன் போட்டேன். அதற்குள் மனதுக்குள் நூறு முறை மகாலட்சுமியைக் கூப்பிட்டிருப்பேன். தப்பு என்னுடையது, வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் தள்ளிவிட்டேன், அதனால்தான் குறைந்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். குறைந்ததை நானே தருகிறேன் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, "வெள்ளிக்கெழம குடுக்கமாட்டீங்க. சரி. பணம் கட்டுன அன்னைக்கு என்னா கெழம?" என்றார்.

பதினான்கு நாள் முன்னால். எண்ணிப் பார்க்கவே வேண்டாம். "வெள்ளிக்கெழமதான்மா."

"வாங்கறப்ப மட்டும் லட்சுமி வந்தாளாக்கும்?"

இத்தனை வருஷம் விரதம் இருந்தும் இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டதில்லை. பிறத்தியாருடைய பணத்தை என் வீட்டு லட்சுமியாக நினைத்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

"உங்க காசு எனக்கு வேணாம். என் தம்பி பொண்டாட்டி எடுக்கலன்னு எழுதிக் குடுங்க, போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எழுதினேன். எனக்கு வரும் தமிழிலேயே. குறைந்த பதினொரு டாலர் அறுபது காசுக்கு முழுக் காரணமும் என்னுடைய தாமதம், உங்கள் தம்பி மனைவிமேல் ஒரு குற்றமும் இல்லை என்று. கம்பெனி முத்திரை வைக்க முதலாளி தயங்கினார். "பேரு கெட்டுடும் அக்கா" என்றார். "அந்தப் பொண்ணு பேரு கெட்டா பரவாயில்லையா?" என்று கேட்டேன். முத்திரையை எடுத்து என் பக்கம் தள்ளினார். படம் பிடித்து அனுப்பினேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை எங்கள் காசை நான் வெளியே விடுவதில்லை. வாடிக்கையாளர் பணம் எங்கள் காசு இல்லை என்று மனதுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பொத்தானை அமுக்குமுன் சாமி படத்தை ஒரு தடவை பார்க்கத்தான் செய்கிறேன். சிஸ்டத்தின்மேல் உள்ள ஆத்திரமும் போகவில்லை.

கடிதம் அனுப்பிய அன்று சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டு வரும்போது அந்தப் பெண் செய்தி அனுப்பியிருந்தாள். நாத்தனார் கடிதத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தானே போட்டுவிட்டாராம். "இப்ப என்னைய விட்டுட்டு எல்லாரும் உங்களத்தான் திட்டுறாங்க அக்கா" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள்.

திட்டட்டும்மா என்று பதில் போட்டேன்.