கிழக்கே சூலம்

தினக் காலண்டரில் கிழித்த தாளை நான் வீசுவதில்லை. பின்பக்கத்தில் அன்றைய சேதியை எழுதிக் கட்டி வைப்பது இருபது வருடப் பழக்கம். மழை பெய்தது, உப்பு வாரத் தொடங்கியது, யாருக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் அதில் இருக்கும். அதனால் வீட்டில் நாள், கிழமை எது பார்ப்பதானாலும் என்னிடம்தான் கேட்பார்கள்.

என் தம்பி சூடான் தலைநகரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். சித்திரை பிறந்த மறுநாள் அங்கே ராணுவமும் துணைப்படையும் நகருக்குள்ளேயே சுட்டுக்கொள்ள ஆரம்பித்தன. உள்நாட்டுப் போர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். முதலில் கரண்ட் போகும், அப்புறம் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். வீட்டில் சொல்லவில்லை.

தம்பி மனைவி உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறாள். உப்புத் தண்ணீர் படாமல் போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு கூடை தூக்கினாள். வரப்பில் நின்று நின்று எடுத்துப் பார்ப்பாளாம்.

சண்டையின் ஒன்பதாம் நாள், ஞாயிறு மதியம், அவன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டோம்.

"ண்ணா, நாளைக்குக் காலைல ஒரு பஸ் கிளம்புது. துறைமுகத்துல வுட்டுடுவாங்களாம், அங்கேர்ந்து கப்பலு. எடம் கம்மி, இப்பவே பேர் குடுக்கணும்."

"குடுத்துடுங்க" என்றாள் அவன் மனைவி.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்த பஸ்ஸு எந்தப் பக்கம்டா போவுது?"

"கிழக்கால."

"நாளைக்கு இன்னா சூலம்?"

சூலம் இருக்கிற திசைக்கு அன்று பயணம் புறப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவேன். "கிழக்குதான். பரிகாரம் தயிர்னு போட்டிருக்கு."

தம்பி சிரித்தான். "தயிரா? டேங்க் அடில கெடக்கற தண்ணிய வடிகட்டிக் குடிச்சிக்கினு இருக்கோம், தயிருக்கு எங்கம்மா போவேன்?"

"அப்போ நாளைக்கு வேணாம் கண்ணு. செவ்வாக்கெழம பஸ்ல வந்துடு."

"வுடுவாங்களான்னு தெரியலம்மா."

"இத்தினி பேரை உட்டுட்டா போயிடுவாங்க?"

பிறகு, "ண்ணா, நீ இன்னா சொல்ற?" என்றான்.

"ஒரு நாள்தானே" என்றேன்.

திங்கட்கிழமை பஸ் போனது. அதில் ஏறிய, எங்கள் பக்கத்து ஊர் கூனிமேட்டுக்காரர் ஒருவர் அடுத்த வாரமே வீடு வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை பஸ் வரவில்லை. பஸ் வரவேண்டிய பாலத்தை மூடிவிட்டார்கள் என்று தம்பி எழுதினான். அப்புறம், வேறு பேட்டைக்கு மாறிவிட்டதாக ஒரு வாய்ஸ் மெசேஜ். வைகாசி அமாவாசைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நாங்கள் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

காலம் கடந்துதான் அட்லஸை எடுத்துப் பார்த்தேன். துறைமுகம் நேர் கிழக்கில்கூட இல்லை. வடகிழக்கில் இருக்கிறது.

அம்மா தயிர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். யாரும் காரணம் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிய தம்பி மனைவி வாசலில் நின்றாள்.

"மாமா, அளம் நம்ம வூட்டுக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்கால."

"திங்கக்கெழம, சனிக்கெழம எல்லாம் போய்க்கினுதானே இருக்கேன். ஒரு நாளாவது யாரனா எனக்குச் சூலம் பாத்தீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

அன்றைய தாளின் பின்பக்கத்தில் அவள் கேட்டதை எழுதினேன். பிறகு கட்டைப் பிரித்து, அவன் பஸ் ஏறாத அந்தத் திங்கட்கிழமைத் தாளைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: "மழை இல்லை. தம்பி நாளை கிளம்புவான்."