பொதுமக்கள் மகிழ்ச்சி

எங்கள் தெருவில் பொதுமக்கள் என்றால் ஒரே ஒரு ஆள்தான். வளைவில் சலூன் வைத்திருந்தாரே, அவர். பட்டப்பெயரை வைத்தது நாங்கள்தான் என்றாலும் அதற்கு வழிசெய்து கொடுத்தவர் நிருபர். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தை நிரப்புவது நிருபரின் வேலை. சவரத்துக்கு இந்தச் சலூனுக்குத்தான் வருவார். கன்னத்தில் நுரை, தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி என்று உட்கார்ந்திருக்கும் மனிதர், சலூன்காரர் சொல்வதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? தெருவிளக்கு எரியாதது, குப்பை வண்டி வராதது, குழாயில் வெறும் காற்று வருவது எல்லாம் அந்த நாற்காலியில்தான் அவர் காதில் ஏறும். கொஞ்ச நாளில் பேப்பரில் "பொதுமக்கள் கூறுகையில்" என்று வந்துவிடும். ஆரம்பத்தில் பெயரைப் போடட்டுமா என்று கேட்டாராம். பிறகு அவரே, போட்டால் உங்களுக்குத்தான் வம்பு என்று விட்டுவிட்டாராம். நல்லெண்ணம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சலூன்காரருக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. "பொதுமக்கள் அவதி" என்று வந்தால், பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் "இன்னைக்கு நான் அவதி" என்பார். "பொதுமக்கள் கொந்தளிப்பு" என்று வந்த அன்று அவர் காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கடை மூலையில் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தார். செய்தி எதுவானாலும் கடைசி வரி மட்டும் மாறாது: "நடவடிக்கை எடுக்கப்படுமா?" அதை உரக்கப் படித்துவிட்டு, கத்தரியை இரண்டு தடவை சொடுக்கி, "எடுக்கப்படாது" என்பார். நாங்கள் வயிறு குலுங்கச் சிரிப்போம். இப்போது நினைத்தால் எங்கள் மேலேயே எரிச்சல் வருகிறது.

கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. நடுவில் ஒரு திரைதான் சுவர். அந்தப் பக்கம் அவர் மனைவி. சர்க்கரை நோயில் அந்த அம்மாவுக்குக் காலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்தாயிற்று. புண்ணில் அழுக்குத் தண்ணீர் படவே கூடாது, பட்டால் அடுத்த முறை விரலோடு நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். மழை பெய்தால் கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடை பொங்கிப் படியேறி, கடையைத் தாண்டி, திரைக்கு அடியில் புகுந்து கட்டில்வரை வந்துவிடும். போன மழைக்காலம் முழுக்க அவர் மனைவியைத் தூக்கிக்கொண்டுதான் கழிவறைக்குப் போய்வந்தார். "கல்யாணத்தன்னைக்குக்கூட இவர் என்னைத் தூக்கினதில்ல" என்று அந்த அம்மா திரைக்குப் பின்னாலிருந்து சொல்லும்.

சாக்கடை ஏன் அடைக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். தெருக்கோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வந்தது. கட்டியவர்கள் சாக்கடையின் மேலேயே மண்ணைக் கொட்டி வண்டி நிறுத்த இடம் பண்ணிக்கொண்டார்கள். அடியில் பேருக்கு ஒரு சின்னக் குழாய். தெரு முழுவதின் கழிவும் அந்தக் குழாய்க்குள் நுழைந்து போக வேண்டும். கட்டியவர் பெரிய இடத்து ஆள். அவர் பேச்சை எடுத்தாலே நாங்களெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவோம்.

இந்த வருஷம் மழைக்கு முன்பே சலூன்காரர் நிருபரிடம் சொன்னார். விளையாட்டுப் பேச்சு இல்லை. நான் பெஞ்சில் இருந்தேன். பேப்பர் படித்துப் படித்து அந்தப் பாஷை அவருக்கு நாக்கில் ஊறியிருந்தது.

"ஆக்கிரமிப்பை எடுக்கணும் சார். அதை எடுத்தா தண்ணி தானா ஓடிடும். மழைக்கு முன்னாடி எடுத்தாத்தான் இவ காலு தப்பும்."

எந்த ஆக்கிரமிப்பு என்று நிருபர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். சலூன்காரர் சவரக்கத்தியைத் தெருக்கோடிப் பக்கம் நீட்டி, உங்களுக்குத் தெரியாததா என்றார். நிருபருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவரும் கட்டடம் என்று எழுதவில்லை. "ஆக்கிரமிப்பால் அடைபட்ட சாக்கடை: பொதுமக்கள் அவதி" என்று வந்தது. கடைசி வரியும் வழக்கம்போல வந்தது. அன்றைக்கு மட்டும் சலூன்காரர் கத்தரியைச் சொடுக்கவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

"ஆக்கிரமிப்புன்னா என்னங்க?" என்று அந்த அம்மா கேட்டது எனக்குக் கேட்டது.

"அடுத்தவங்க இடத்துல போய் உக்காந்துக்கறது."

"அப்ப நம்ம படி?"

அவர் சிரித்துவிட்டார். வாசல் படிக்கட்டும், அதன்மேல் இறக்கிய தகரக் கூரையும், வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சும் சாக்கடைப் பலகைக்கல் மேல்தான் இருந்தன. கடை போட்ட நாளிலிருந்து அப்படித்தான். அதைப் போய் யாராவது ஆக்கிரமிப்பு என்பார்களா என்று கேட்டார்.

அவர்கள் வந்த காலையில் நான் நாற்காலியில் இருந்தேன். தலையில் ஒரு பக்கம்தான் வெட்டி முடிந்திருந்தது. தெருமுனையில் மண் அள்ளும் இயந்திரத்தின் உறுமல் கேட்டதும் சலூன்காரர் கத்தரியோடு வாசலுக்கு ஓடினார். அப்படி ஒரு முகமலர்ச்சியை நான் அவரிடம் பார்த்ததில்லை. உள்ளே திரும்பி, "வந்துட்டாங்க" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

இயந்திரம் கடைக்கு முன்னால் நின்றது. இறங்கிய அதிகாரி படியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சாக்கடைமேல் இருப்பதையெல்லாம் எடுக்க வேண்டும், பொதுமக்கள் புகார் என்றார்.

"சார், அந்தப் பொதுமக்களே நான்தான்."

அதிகாரி இதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அப்படியானால் ஒத்துழைப்புக் கொடுங்கள் என்றார். சலூன்காரர் தெருக்கோடியைக் காட்டினார், குழாயைப் பற்றிச் சொன்னார், மனைவியின் காலைப் பற்றிச் சொன்னார். அதிகாரி கையிலிருந்த கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சலூன்காரர் கேட்டது ஒன்றுதான்.

"இந்த ஒரு தலையை முடிச்சுக்கறேன் சார்."

அதற்குச் சம்மதித்தார்கள். வெளியே இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, அவர் என் மறுபக்கத்தை வெட்டினார். காதோரம் கத்தி போட்டார், பிடரியில் பவுடர் போட்டுத் தட்டிவிட்டார். அந்த மாதிரி கச்சிதமாக எனக்கு அதற்கு முன்னும் அமைந்ததில்லை, பின்னும் அமைந்ததில்லை. பிறகு நாங்கள் நாலு பேர் சேர்ந்து நாற்காலியைத் தெருவில் இறக்கினோம். கண்ணாடிகளில் ஒன்று தப்பியது, மற்றொன்று கை நழுவி உடைந்தது. படி, கூரை, கூரையோடு சேர்ந்து சரிந்த முன்சுவர் எல்லாம் போக அதிக நேரம் ஆகவில்லை. இடிபாடு அத்தனையும் சாக்கடைக்குள்ளேயே விழுந்தது. இதை யார் அள்ளுவார்கள் என்று கேட்டதற்கு, அது வேறு பிரிவு என்றார்கள்.

இயந்திரம் அப்புறம் தெருக்கோடியைப் பார்த்து நகர்ந்தது. நாங்களும் பின்னாலேயே போனோம். அது அடுக்குமாடியின் வண்டி நிறுத்தத்துக்குள் ஏறி, அங்கே வசதியாகத் திரும்பி, வந்த வழியே போய்விட்டது. காவலாளி கையைக் காட்டி வழிகூடச் சொன்னான்.

மறுநாள் பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். "செய்தி எதிரொலி: சாக்கடை ஆக்கிரமிப்பு அகற்றம். பொதுமக்கள் மகிழ்ச்சி." சலூன்காரர் தெருவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. மடித்துக் கீழே வைத்தார். தலைப்புப் போடுவது தலைமை அலுவலகத்து ஆட்கள், தான் இல்லை என்று நிருபர் வேறு யார் மூலமாகவோ சொல்லி அனுப்பினார். நேரில் வரவில்லை. கொஞ்ச நாளில் அவருக்குத் தாடி வளர்ந்துவிட்டது.

சலூன்காரர் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் முடி வெட்ட ஆரம்பித்தார். அப்படி அவர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் மழை பிடித்தது. முன்பாவது தண்ணீர் படியேறி வர வேண்டியிருந்தது. இப்போது ஏற வேண்டிய படியும் இல்லை, ஓட வேண்டிய சாக்கடையும் இல்லை. நேராக அறைக்குள் வந்தது. தப்பிய கண்ணாடியைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். புதுக் கடை போட்டால் மாட்டலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அது சரிந்து விழப் போவதைப் பார்த்த அந்த அம்மா கட்டிலிலிருந்து இறங்கிவிட்டது. அவர் ஓடி வந்தபோது முழங்கால் தண்ணீரில் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நிருபரும் தாடியோடு வந்து சேர்ந்தார். பாவம், அவருக்கும் மனசு கேட்கவில்லை போல. இந்தத் தடவை விடக் கூடாது, பெரிதாக எழுதிவிடலாம், பொதுமக்கள் வேதனை என்றே தலைப்பு வாங்கிவிடலாம், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். சலூன்காரர் அந்தத் தாடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியின் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிச் சரிசெய்தார்.

"எழுதாதீங்க சார். மறுபடி நடவடிக்கை எடுத்துடுவாங்க. இவளுக்கு இனி ஒரு காலுதான் மிச்சம்."