மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறுக்கு ஐந்து லிட்டர் திரவ நைட்ரஜன்

திரவ நைட்ரஜனை ஆட்டோவில் கொண்டுபோக யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், மேற்கு மாம்பலத்தில் இதை விற்கும் கடையிலிருந்து அடையாறில் எங்கள் ஆய்வகத்துக்கு அதை எடுத்துப் போனேன். ஏழு கிலோமீட்டர்தான். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தேங்காய் ஓட்டிலிருந்து நான் செய்த கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவற்றில் இயற்கை எரிவாயுவைத் தேக்கி வண்டி ஓட்டலாம் என்பது என் ஆராய்ச்சி. துளைகளின் பரப்பை அளக்க, கரியை ஐந்து மணி நேரம் திரவ நைட்ரஜனில் குளிர வைக்க வேண்டும். மறுநாள் உதவித்தொகை நீட்டிப்புக்கு நேர்காணல். அந்த எண் கையில் இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு முழுக்குதான்.

காலை 8.10-க்கு ஆட்டோ ஏறினேன். நாற்பது ரூபாய். நைட்ரஜன் இருந்த ஐந்து லிட்டர் குடுவையின் மூடியை இறுக்கினால் வெடிக்கும், தளர்த்தி வைத்தால் உள்ளே இருப்பது ஆவியாகிக்கொண்டே இருக்கும். துரைசாமி சுரங்கப்பாதையில் ஒரு வேன் நின்றுபோய் நாற்பது நிமிடம் போனது. சுற்றிலும் வண்டிப் புகை, கால்களுக்கு நடுவே வெண்புகை. ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா அது, வெடிச்சிகிடிச்சி பூடுமா?"

விளக்கினேன். கரியின் கதையையும் சொன்னேன். இந்தப் புகையே இல்லாமல் ஆட்டோ ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றேன்.

"அப்போ சீக்கிரம் கண்டுபுடிமா. இருமி இருமி நெஞ்செல்லாம் புண்ணா கீது."

அதன்பிறகு நந்தனம், கோட்டூர்புரம் பாலம் என்று ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை ஊர விட்டார். 9.35-க்கு இறங்கும்போது மூன்று லிட்டர் மிச்சம். சோதனைக்குச் சரியாகப் போதும்.

வாசலிலேயே துறைத்தலைவர் நின்றிருந்தார். தில்லியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருக்கிறாராம், ஏதாவது காட்ட வேண்டுமாம்.

"ரெண்டு லிட்டர் குடும்மா. ரோஜாவை முக்கிக் கண்ணாடி மாதிரி உடைச்சுக் காட்டலாம், அவருக்குப் பிடிக்கும்."

மிஞ்சிய ஒரு லிட்டரை வைத்து என்ன செய்ய? கடையில் அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆகும். மறுநாள் நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருந்த அதே துறைத்தலைவர், "இன்னுமா அளக்கலை?" என்று கேட்டார். நீட்டிப்பு கிடைக்கவில்லை.

போகிறவர்கள் காலை ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள். சுரங்கப்பாதைப் பக்கமே போகாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். எனக்கு அது வரவில்லை. அந்த இரண்டு லிட்டரை நானேதான் ஊற்றிக் கொடுத்தேன். ரோஜா சிதறியபோது எல்லாரோடும் சேர்ந்து கையும் தட்டினேன்.