வார்டில் நான் எடுத்த பாட்டு

ஒரு பாட்டுக்குப் பயந்து ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விடுவாரா? சென்ற மழைக்காலத்திலிருந்து இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன், குழந்தைக்குப் பால் ஆற்றுகிறேன். போகமாட்டார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. போயிருப்பார் என்று மறுநாளே தோன்றுகிறது.

என் கணவரின் அக்காள் கோயமுத்தூரில் ஒரு மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, காசநோய் வார்டுக்குப் போய்ப் பாடுவது பதினைந்து வருஷமாக அவருடைய ஊழியம். பிரசங்கம் செய்யமாட்டார், துண்டுப் பிரசுரம் கொடுக்கமாட்டார். பாடுவார், ஜெபிப்பார், வந்துவிடுவார்.

எனக்கும் பாட்டு என்றால் சிறுவயதிலிருந்தே உயிர். ஈரோட்டுப் பக்கம் மிஷன் பள்ளியில் அப்பா ஆசிரியர். சபையாருக்கு என் முகம் தெரியவேண்டும் என்று நான்கு வயதில் என்னை பெஞ்சின் மேல் ஏற்றிப் பாடவைத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று அக்காள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"பாடுவியா கண்ணு?"

பாடினேன்.

"எனக்கு ஆள் கெடைச்சாச்சு" என்றவர், தம்பியைத் திரும்பிப் பார்த்து, "உனக்குந்தான்டா" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

நாள் முழுதும் மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அவருடையது. கோவிலில் அவர் குரல் கடைசி பெஞ்சுவரை கேட்கும். ஆனால் வார்டுக்குள் நுழைந்தால் அதே குரல் இறங்கிவிடும். நோயாளிகள் கூடவே முனக ஆசைப்படுவார்கள் என்று சுருதியைத் தாழ்த்திக்கொள்வார். யாராவது இருமத் தொடங்கினால் அடியின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். இருமல் ஓயும்வரை காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து எடுப்பார். நான் கூடப் போன முதல் தடவை, அவர் பாட்டை மறந்துவிட்டார் என்று நினைத்து நான் மேலே பாடிவிட்டேன். அவர் என் கையை மெல்லத் தொட்டார். இருமியவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், பாடுங்க" என்ற பிறகுதான் அடுத்த சொல் வந்தது. அப்படிப் பாடும் ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குழந்தை பிறந்த பிறகு எனக்கு அந்த வார்டு என்றால் பயம். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கமாகப் போய், இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, புடவை மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடுவேன். "தோலு உரிஞ்சு போயிரும்" என்று கணவர் கேலி செய்வார். பயந்தாலும் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டுமோ என்னவோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "இன்னைக்கு நீ எடு" என்றார். கிளம்பும் நேரத்தில் ஒன்றரை வயது மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தை அவளிடம் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். பஸ் ஏறிய பிறகுதான் புத்தகம் அவளிடமே இருப்பது நினைவுக்கு வந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் சோமனூரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். தறி ஓட்டும் குடும்பம். ஏறக்குறைய என் வயது. வீட்டில் என் மகள் வயதில் அவருக்கு ஒரு பிள்ளை. தினமும் ஊசி போட்டு உடம்பு தேறிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலருகே நின்றபோது பிள்ளை நினைப்பில் எனக்குப் புத்தி ஓடவில்லை. புத்தகமில்லாமல் முழுதும் வரும் ஒரு பாட்டு வாயில் வந்தது, எடுத்துவிட்டேன். அக்கரை சேர்வதைப் பற்றிய பாட்டு. என் பிறந்த ஊர்ச் சபையில் அதை ஞாயிறு மாலைதோறும் பாடுவோம். கோயமுத்தூர்ச் சபையிலோ, சவப்பெட்டி வீட்டைவிட்டுப் புறப்படும்போது மட்டுமே பாடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாம் சரணம்வரை பாடிவிட்டேன். அக்காள் என் முழங்கையைப் பிடித்ததைக்கூட இருமலுக்காக என்று நினைத்து, சற்று நிறுத்திவிட்டு மேலே பாடினேன்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இது எழவூட்டுப் பாட்டுங்களே! பக்கத்தூட்டு வேதக்காரங்க அவங்க பெரியவரைத் தூக்கறப்ப இதத்தானுங்க பாடுனாங்க. எனக்கு அத்தனை முத்திப்போச்சுங்களா? டாக்டரு உங்ககிட்டச் சொன்னாங்களா?"

இல்லை இல்லை என்று என்னென்னவோ உளறினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் அக்காள் திட்டுவார் என்று நின்றேன். அவர் சொன்னதோ வேறு: "பதனஞ்சு வருசமாப் பாடறேன். ஒருத்தர்கிட்டயாச்சும், உங்களுக்கு என்ன பாட்டு வேணுமுங்கன்னு கேட்டிருக்கனா? தப்பு உன்னுது மட்டுமில்ல கண்ணு."

அடுத்த வாரம் அக்காள் நேரே அந்தக் கட்டிலுக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உங்களுக்கு என்ன வேணுமுங்க, சொல்லுங்க."

"பாட்டே வேண்டாமுங்க."

"சரிங்க, பாடல. சும்மா உக்காந்திருக்கேன்."

பக்கத்துக் கட்டில்காரர், "எனக்கு ஒரு சினிமாப் பாட்டுப் பாடுங்கக்கா" என்றார்.

"தெரியாதுங்க, தெரிஞ்சாப் பாடிப்போடுவேன். அப்பறம் எங்க சபை ஐயரு என்னையக் கோயிலுக்குள்ள உடமாட்டாரு" என்றார் அக்காள். சோமனூர்ப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சோடு பேச்சாக, பிள்ளைக்குப் பாடும் தாலாட்டை இரண்டு அடி பாடியும் காட்டினார். அக்காள் அதைத் திருப்பிப் பாடினார், தவறிய இடத்தில் அவர் திருத்தினார். வேதப் பாட்டைத் தவிர வேறெதுவும் பாடியறியாத என் நாத்தனார், நாற்பது வயதுக்கு மேல், ஒரு நோயாளியிடம் பாட்டுக் கற்றுக்கொண்டார். ஊழியம் செய்யப் போய்த் தாலாட்டுப் பாடிவிட்டு வருகிறார்கள் என்று மாதர் சங்கத்தில் பேச்சு வந்தது. "ஆமாங்க, நல்ல பாட்டு, உங்களுக்கும் சொல்லித்தரட்டுங்களா?" என்று கேட்டு அக்காள் அதோடு முடித்தார்.

மூன்றாம் வாரம் கட்டில் காலி. ஊசி முடியுமுன்பே வீட்டார் வந்து அழைத்துப்போய்விட்டதாக நர்ஸ் சொன்னார். அக்காள் மறுநாள் மில்லில் லீவு சொல்லிவிட்டு சோமனூருக்கு பஸ் ஏறினார். தறிச் சத்தம் கேட்ட வீட்டிலெல்லாம் விசாரித்து, அந்தப் பெண்ணின் கணவரைக் கண்டுபிடித்தார். மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள், ஊசியை அங்கே ஒரு டாக்டர் போடுகிறார் என்று அவர் சொன்னாராம்.

"ஏனுங்க கூட்டிட்டு வந்துட்டீங்க?" என்று அக்காள் கேட்டிருக்கிறார்.

"கொழந்தை அழுவுதுங்க, நூல் சுத்தவும் ஆளில்லீங்க. அவளும் போலாம் போலாம்னு ஒரே புடியா நின்னாளுங்க."

ஏன் நின்றாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. தாய்வீடு எந்த ஊர் என்று கேட்டதற்கு அவர் தறிக்குத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு நான் வார்டில் வாய் திறக்கவில்லை. அக்காளோடு போவேன், கட்டில் கட்டிலாக அவர் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்பதைப் பார்த்து நிற்பேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களிடமும் அதே சிரித்த முகத்தோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார்.

இப்போது டாக்டர் அவரை ஆறு மாதம் பாடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். பஞ்சுத் தூசி தொண்டையைக் கெடுத்துவிட்டதாம். "நீ எடுத்தாத்தான் உண்டு, இல்லீன்னா நின்னுபோகும்" என்றார். வற்புறுத்தவில்லை. கணவர், "உன் இஷ்டம்" என்கிறார். அது எனக்கு உதவியாக இல்லை. இன்னொருவரை நான் பயமுறுத்திவிட்டால்? நான் போகாததால், நோயாளிகள் ஞாயிற்றுக்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால்?

இதைப் படிக்கும் சகோதரிகளில் ஆஸ்பத்திரியில் நாட்கணக்காகப் படுத்துக் கிடந்தவர்கள் இருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருத்தி வந்து பாடட்டுமா என்று கேட்டபோது உங்கள் மனதில் என்ன இருந்தது? வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததா, அல்லது மரியாதைக்குத் தலையாட்டினீர்களா? மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்காளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.