எல்லை தாண்டி வந்த ஜாமீன்

ஜாமீன் வாங்குவது சுலபம், ஜாமீன்தாரரைப் பிடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். கோர்ட் வராண்டாவில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1978 கடைசியில் பழவேற்காடு ஏகாம்பரத்துக்காக நானும் அப்படி நின்றேன். அப்போது நான் ஜூனியர் வக்கீல்.

செல்லாத வாக்குமூலம்

ஏகாம்பரம் மீனவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தவரை, உள்ளே செம்புக் கம்பி திருடுபோன வழக்கில் பிடித்துவிட்டார்கள். ஏரியில் வலை போட அவர்கள் ஊரில் முறை உண்டு. அவர் முறை வெள்ளிக்கிழமை. தவறினால் அடுத்த முறை வரை வீட்டில் அடுப்பு எரியாது. ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறார் மனுஷன்!

சப்ஜெயிலில் பார்த்தபோது, போலீசிடம் சொன்ன ஒப்புதல் சட்டப்படி செல்லாது என்று தைரியம் சொன்னேன். அவர் கேட்டார்: "செல்லாதத இன்னாத்துக்கு சார் அம்மாம் நேரம் குந்திக்கினு எழுதுனாங்க?"

பொண்ணு கொடுத்த ஊர்

மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார். சொந்த நிலம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மீனவக் குப்பத்தில் நிலத்துக்கு எங்கே போவது? ஏகாம்பரத்தின் மனைவி தேசம்மாள், ஆந்திரா பக்கம் தடாவில் நெல் பயிரிடும் தன் அண்ணனை அழைத்து வந்தாள். வெளி மாவட்ட நிலத்தையே ஏற்காத வழக்கம், இது வெளி மாநிலம். பெஞ்ச் கிளார்க் காகிதத்தைத் தொடவே இல்லை. தேசம்மாள் விடவில்லை: "பொண்ணு குடுக்கறப்ப எந்த ஸ்டேட்டுன்னு யாரும் கேக்கல. இப்ப மட்டும் இன்னா சார்?"

கொத்தனார் வழக்கு

அன்று மாலை என் சீனியர், புதிதாக வந்த ஒரு தீர்ப்பை எடுத்துப் போட்டார். வடக்கே ஓர் ஏழைக் கொத்தனாரின் வழக்கு. ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லியிருந்தது. நாட்டின் எந்த மூலையிலும் இந்தியர் இந்தியரே என்ற அதன் வாதம் வெளி மாநிலத்துக்கும் பொருந்தும்.

மறுநாள் வியாழன். அதைப் படித்துக் காட்டினேன். மாஜிஸ்திரேட் வாங்கி, தானும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு, தடாக்காரரின் கையெழுத்தை ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் வலை போட்டார். அடுத்த வாய்தாவுக்கு ஓலைக்கூடையோடு வந்தவர் கேட்டார்: "அந்தக் கொத்தனாரு எந்த ஊரு சார்? அவருக்குன்னு நல்ல எறாலா பொறுக்கிக்கினு வந்துக்கிறேன்." கொத்தனார் எங்கோ வடக்கே இருந்ததால், கூடை என் வீட்டுக்கு வந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மேற்கோள் காட்டிய வக்கீல்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், அதைத் தொக்கு வைத்துச் சாப்பிட்டவன் அநேகமாக நான் ஒருவன்தான்.