கொடியில் ஏறிய வண்டிச் சக்கரம்

1947 ஆகஸ்டு பதினான்காம் தேதி. அப்போது திருத்தணியில் மாட்டு வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பதுதான் என் தொழில். மலைக்குக் காவடி கொண்டுவரும் வண்டிகளில் பாதி என் கைபட்டவை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் ஏற்றவேண்டிய கொடியில் சக்கரம் வரைய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். துணி ரேஷனில் கிடைத்த காலம். எங்கெங்கோ அலைந்து சேர்த்த கதர் அது ஒன்றுதான். மூன்று நிறத்தையும் சேர்த்துத் தைத்தவர் பக்கத்துக் கடைத் தையல்கார பாய், என் சிநேகிதர். பழைய கொடியில் இருந்த ராட்டை எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்டேன்.

"ராட்டைன்னா பின்னால நின்னு பாத்தா திரும்பிக்கினு தெரியும்பா. சக்கரம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. யாரோ அந்தக் காலத்து ராஜா நட்ட தூண்ல இருந்து எடுத்தாங்களாம்" என்றவர், பேப்பரைப் படித்துக் காட்ட வந்தார்.

"சக்கரத்தப் பத்தி எனக்கே பாடமா பாய்?" என்று மடக்கிவிட்டேன்.

ஆணியில் நூல் கட்டி வட்டம் போட்டு, இரண்டு பக்கமும் நீலம் தீட்டினேன். அழகாக வந்திருந்தது. பாய் விரல் நீட்டி எண்ணினார். அவர் முகம் மாறியது.

"இன்னாபா, பன்னெண்டுதான் கீது? இருபத்திநாலுன்னு பேப்பர்ல போட்டுக்கீதே!"

எங்கள் வண்டிச் சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரக்கால். பழகிய கை அதையே போட்டுவிட்டது! வேறு துணி கிடையாது. ஊரே கூடி நிற்கப்போகும் நாளில் என்னால் தப்புக் கொடி ஏறப்போகிறதே என்று கண் கலங்கிவிட்டேன்.

'அப்பவே படிச்சுக் காட்ட வந்தேனே' என்று பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"அட, உடுபா! ஒவ்வொரு சந்துலயும் இன்னொண்ணு இழு. சரியாப் பூடும்."

அவர் நூலை இழுத்துப் பிடிக்க, நான் தீட்டினேன். வெயில் இறங்குவதற்குள் முடிந்தது.

மறுநாள் கொடி ஏறியது. பின்னால் போட்ட ஆரங்கள் கொஞ்சம் மெலிசுதான், யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பாய் மட்டும் என்னைப் பார்த்து, உதட்டுக்குள் எண்ணிக் காட்டிச் சிரித்தார். சந்தோஷத்தில் எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இன்றும் எங்கே கொடி பறந்தாலும் என் கண் ஆரங்களை எண்ணத் தொடங்கிவிடும். அதில் பாதிதான் என்னுடையது, மீதிப் பாதி பாயுடையது என்று நினைக்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது.