எதிரியை ‘அவுக’ என்றவர்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தவர் பட்டாசுக் கம்பெனிக் காவலாளி, முன்னாள் ராணுவ வீரர். முறுக்கிய வெள்ளை மீசை. எல்லைச் சண்டையில் ஒரு காலை இழந்திருந்தார். எதிரிப் படைத்தலைவரை ‘அவுக’ என்றே சொன்னார்.

“உங்க காலை எடுத்தவருக்கா இம்புட்டு மரியாதை?” என்றேன்.

“எங்களை விரட்டி மலையைப் பிடிச்சாக தம்பி. நான் அடிபட்டு அங்கனயே கிடந்தேன். எங்க ஆளுக தூக்க வந்தப்ப, சுட வேண்டாம்னு தன் படையை நிறுத்திட்டு, அவுகளே என்னைத் தூக்கிவிட்டாக. அடுத்த சண்டையில மலையை நாங்க மீட்டோம். அவுக செத்துட்டாக. எங்க ஆளுக சல்யூட் அடிச்சுத்தான் அடக்கம் பண்ணுனாக.”

சொல்லிவிட்டு, ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். அவர் இறங்குமிடம் இன்னும் வரவில்லை. ஏனென்று தெரியாமல் நானும் எழுந்துவிட்டேன்.